நாள்பட்ட நோயுள்ள முதியவருக்கு வீட்டிலேயே ஓர் உடற்பயிற்சித் திட்டம்: தொடங்குவோருக்கான செய்முறை

இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், முழங்கால் தேய்மானம் ஆகிய மூன்றும் ஒருங்கே உள்ள என் தந்தைக்காக ஓர் இயன்முறை மருத்துவரின் துணையுடன் வகுத்து, இப்போது வீட்டில் தடையின்றி நடந்துவரும் பயிற்சி முறையை இங்கே எழுதுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், 65 வயதைக் கடந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமாக உழைக்க வேண்டும் என்றும், குறைந்தது 2 நாள் தசை வலுப் பயிற்சியும் 3 நாள் சமநிலைப் பயிற்சியும் செய்ய வேண்டும் என்றும் கூறுகிறது. நாள்பட்ட நோயுள்ளோருக்கும் ஏறத்தாழ இதே அளவுதான். இதை மெல்ல மெல்லச் சென்றடைய வேண்டிய அளவாகக் கொள்ளுங்கள். முதல் வாரத்தில் நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும்.

படி 1: மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

"உடற்பயிற்சி செய்யலாமா?" என்று மட்டும் கேட்டால், "லேசாகச் செய்யலாம்" என்ற விடைதான் கிடைக்கும். எந்த மாத்திரை இதயத் துடிப்பையோ சர்க்கரை அளவையோ மாற்றும், அழுத்தமும் சர்க்கரையும் எந்த அளவைத் தாண்டினால் அன்று பயிற்சியை விட வேண்டும், எந்த அசைவுகளைத் தவிர்க்க வேண்டும் என மூன்று கேள்விகளாக எழுதிக் கொண்டு செல்லுங்கள். எலும்பின் அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நிலை (ஆஸ்டியோபோரோசிஸ்) உள்ளவர் எடையுடன் முன்னால் குனிந்து முதுகைத் திருப்பக் கூடாது. சர்க்கரையால் விழித்திரை முற்றிய பாதிப்புக்கு உள்ளானவர் மூச்சை அடக்கித் தம் கட்டக் கூடாது. நெஞ்சு வலி புதிதாகத் தோன்றியிருந்தாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ மருத்துவர் பார்க்கும் வரை எதையும் தொடங்க வேண்டாம்.

படி 2: கருவிகள்

சக்கரமில்லாத, நேரான முதுகுள்ள நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இழுத்துப் பயிலும் ரப்பர் பட்டையையே நான் விரும்புகிறேன்; கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளியின் கையில் இரும்பு எடையைக் கொடுத்து, அது பாதத்தில் விழுந்தபின் வருந்துவதில் பொருளில்லை. இரத்த அழுத்தமானியில் மேற்கையில் கட்டுவதை வாங்குங்கள்; மணிக்கட்டில் கட்டுவது, கையை இதயத்தின் உயரத்தில் சரியாக வைக்காவிட்டால் தவறான அளவைக் காட்டும்.

படி 3: தொடக்க அளவு

கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து முழுமையாக எழுந்து நிற்க முடிகிறது என்று எண்ணுங்கள். 70 முதல் 74 வயதுள்ள ஆணுக்கு 12க்குக் குறைவாகவும் பெண்ணுக்கு 10க்குக் குறைவாகவும் வந்தால், கீழே விழும் வாய்ப்பு கூடுதல் என்று கொள்வது வழக்கம். இதை மாதம் ஒருமுறை செய்து குறித்து வையுங்கள்.

படி 4: எவ்வளவு கடினமாக?

என்னை நெடுநேரம் குழப்பிய படி இதுதான். 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்ச நாடித் துடிப்பு கிடைக்கும் என்று எங்கும் எழுதியிருக்கிறார்கள். அதன்படி 72 வயதுடையவரின் உச்சம் 148, பயிற்சியில் எட்ட வேண்டியதாகச் சொல்லப்படும் அதன் 70 விழுக்காடு ஏறத்தாழ 104. ஆனால் மெட்டோபுரோலால், அட்டெனலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவரின் துடிப்பை அந்த மாத்திரையே மேலே போகவிடாமல் பிடித்து வைக்கிறது. நடந்து களைத்து நிற்கும்போதும் கைக்கடிகாரம் 88 என்று காட்டும். அந்த எண்ணை நம்பி "இன்னும் கொஞ்சம் வேகமாக" என்று துரத்தினால் ஆபத்து நம்மால்தான் வரும்.

இத்தகையவருக்குப் பேச்சே அளவுகோல். பயிற்சியின்போது முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுவே மிதமான உழைப்பு. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். சிரமத்தை 0 முதல் 10 வரை எண்ணாகச் சொல்லச் செய்து, அது 5 அல்லது 6 என்ற அளவிலேயே இருக்குமாறு பார்த்துக்கொள்ளும் முறையும் உண்டு. ஆயினும் எதைக் கேட்டாலும் "ஒன்றும் கஷ்டமில்லை" என்றே சொல்லும் பெரியவர்களிடம் எண்ணைக் கேட்டுப் பயனில்லை. பேச்சுக் கொடுத்துக்கொண்டே கவனிப்பதுதான் நம்பகமானது.

படி 5: பயிற்சி

உட்கார்ந்தபடி கை கால்களை அசைத்தல், நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், பட்டையை இழுத்தல், நாற்காலியின் முதுகைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துதல், பிறகு நடை. எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும்; அடக்கினால் இரத்த அழுத்தம் சட்டென ஏறும். முழங்கால் வலித்தால் இருக்கையில் கெட்டியான மெத்தை ஒன்றைப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். முடிக்கும்போது சட்டென்று நிற்காமல் ஐந்து நிமிடம் மெதுவாக நடக்கச் செய்யுங்கள். உடனே நின்றால் இரத்தம் கால்களில் தங்கி, தலை சுற்றும்.

படி 6: கூட்டுவது

நேரம், எண்ணிக்கை, பட்டையின் இறுக்கம் ஆகியவற்றில் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரம் கழிந்த பின்னும் மூட்டு வலி முன்னைவிட அதிகமாக இருந்தால், அடுத்த முறை அளவைக் குறைக்க வேண்டும்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

சர்க்கரை தாழ்ந்தால் படபடப்பு வருமே, அதைக் கண்டு நிறுத்தினால் போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். பீட்டா பிளாக்கர் அந்தப் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடக் கூடும். வியர்வை மட்டும் பெரும்பாலும் மறையாது. ஆகவே இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர் தொடங்கும் முன் சர்க்கரையை அளந்து, 90க்குக் கீழே இருந்தால் 15 கிராம் அளவு மாவுச்சத்து உண்டபின் தொடங்க வேண்டும். அன்றிரவும் சர்க்கரை தாழக்கூடும் என்பதால், புதிதாக அளவைக் கூட்டிய நாளில் படுக்கும் முன் மீண்டும் ஒருமுறை அளப்பது நல்லது.

எழுந்தவுடன் தலை சுற்றுவதாக இன்னொருவர் எழுதியிருந்தார். ஐந்து நிமிடம் படுத்திருந்த பின் ஒருமுறையும், எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மறுமுறையும் அழுத்தத்தை அளந்து பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்திருந்தால், மாத்திரை எடுத்த நேரத்தையும் சேர்த்துக் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை எல்லாப் பயிற்சிகளையும் உட்கார்ந்தபடியே செய்யட்டும்.