சர்ச்சைக்குள்ளான ஒரு பத்திரிகை ரேப்பரை எப்படிப் பார்ப்பது

வார இதழ் ஒன்றில் இருபத்தெட்டு வருடம் லே-அவுட் பார்த்தவள் நான். எங்கள் அலுவலகத்தில் யாரும் அட்டை என்று சொல்ல மாட்டோம், ரேப்பர் என்றுதான் சொல்வோம். உள்பக்கம் முழுக்கச் செய்ய ஆகும் கவலையைவிட ரேப்பர் ஒன்றுக்கு ஆகும் கவலை அதிகம். உள்ளே இருப்பதைக் காசு கொடுத்து வாங்கியவர் மட்டும் படிக்கிறார். ரேப்பரையோ, பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால், டீ குடிக்க வந்தவர், பஸ்ஸுக்கு நிற்பவர், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை என எல்லோரும் பார்க்கிறார்கள். இப்போது அந்த வேலையை வாட்ஸ்அப் செய்கிறது.

ஓய்வு பெற்ற பிறகு மதுரையில் ஒரு கல்லூரியில் இதழியல் மாணவர்களுக்கு மாதம் இரண்டு சனிக்கிழமை வகுப்பு எடுக்கிறேன். வருடா வருடம் யாராவது ஒரு பிள்ளை கேட்கும் கேள்வி இது: "மேடம், இந்த மாதிரி நையாண்டி ரேப்பரெல்லாம் ஜனங்களுக்குப் புரியுமா?" புரியும் என்றே நம்புகிறேன். ஆனால் புரிந்துகொள்ளத் தேவையான தகவல் படத்தோடு கூட வர வேண்டும். பெரும்பாலும் படம் மட்டும் தனியாக வந்து சேர்கிறது. விட்டுப்போனதைத் தேடி எடுக்க நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் வழியை இங்கே எழுதுகிறேன்.

இதைக் கற்றுக்கொள்ள எப்போதும் நான் எடுப்பது அமெரிக்காவின் நியூயார்க்கர் வார இதழ் 2008 ஜூலை 21 தேதியிட்டு வெளியிட்ட ரேப்பர். வரைந்தவர் பேரி பிளிட். ஒபாமா போட்டியிட்ட அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு நான்கு மாதத்துக்கும் குறைவாக இருக்கும்போது வந்தது. அந்தப் படம் முதலில் எனக்கு வந்தது ஈமெயிலில். நியூஜெர்சியில் இருக்கும் சித்தி மகன் படத்தை மட்டும் வெட்டி, ஒரு வார்த்தையும் எழுதாமல் அனுப்பியிருந்தான். பார்த்ததும் எனக்குக் கோபம் பொங்கியது. ஒபாமாவை எதிர்ப்பவர்கள் அடித்த நோட்டீஸ் என்றே நினைத்துப் பக்கத்து மேஜைக்காரரிடம் காட்டித் திட்டித் தீர்த்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் அது எந்தப் பத்திரிகை என்று தெரிந்தது. நியூயார்க்கரோ ஒபாமா பக்கம் சாய்வுள்ள பத்திரிகை. தொழிலே ரேப்பராக இருந்த எனக்கே இப்படி என்றால், ஜனங்களுக்குப் புரியவில்லை என்று குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. இந்த வழிமுறை அன்றைக்கு ஆரம்பித்தது.

முதலில், கருத்து எதுவும் சொல்லாமல் படத்தில் இருப்பதைப் பட்டியல் போடுங்கள். போலீஸ்காரர் மகஜர் எழுதுவதுபோல, இருப்பது இருக்கிறபடி. இந்த ரேப்பருக்கு என் மாணவர்கள் எழுதும் பட்டியல் ஏறக்குறைய இப்படி இருக்கும்: வெள்ளை மாளிகையின் அதிபர் அறை. நீண்ட அங்கி, தலைப்பாகை, செருப்போடு ஒபாமா. ராணுவ உடுப்பும், முதுகில் துப்பாக்கியும், பெரிய சுருள்முடியுமாக அவர் மனைவி மிஷேல். இருவரும் முஷ்டியோடு முஷ்டி முட்டிக்கொள்கிறார்கள். சுவரில் பின்லேடன் படம். கணப்பு அடுப்பில் அமெரிக்கக் கொடி எரிகிறது. பட்டியலில் 'கேவலம்', 'துணிச்சல்', 'சூப்பர்' என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டுத் திரும்ப எழுதச் சொல்வேன். பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தில் கோபமும் கொஞ்சம் அடங்கும், கண்ணும் தெளியும்.

அப்புறம் தேதி. இதில் ஒரு தொழில் விஷயம் இருக்கிறது. வார இதழில் அச்சிட்டிருக்கும் தேதி, கடைக்கு வந்த தேதி இல்லை. நம் ஊர் இதழ்களும் முன்தேதி போட்டே வரும். ஜூலை 21 என்று போட்ட அந்த நியூயார்க்கரைப் பற்றிய சண்டை ஜூலை 13, 14 தேதிகளிலேயே தொடங்கிவிட்டது. வண்ணத்தில் அச்சாகும் ரேப்பரை அதற்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். அதனால் படத்துக்குக் காரணமான பேச்சைத் தேட, இதழின் தேதியிலிருந்து நான்கைந்து வாரமாவது பின்னால் போங்கள். மாணவர்கள் பெரும்பாலும் இதழ் தேதியையே பிடித்துக்கொண்டு தேடி, ஒன்றும் கிடைக்கவில்லை என்று வருவார்கள்.

இப்போது பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளும் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அந்த முஷ்டி முட்டல் நிஜமாகவே நடந்தது. 2008 ஜூன் 3 அன்று, வேட்பாளர் ஆவது உறுதியான இரவு, மின்னசோட்டா மாநிலம் செயின்ட் பால் நகர மேடையில் கணவனும் மனைவியும் அப்படி முட்டிக்கொண்டார்கள். சில நாளில் ஃபாக்ஸ் நியூஸ் தொகுப்பாளர் ஒருவர், இது பயங்கரவாதிகளின் முஷ்டிக்குத்தா என்ற தொனியில் பேசினார். அங்கியும் தலைப்பாகையும்? 2006-ல் கென்யா போன ஒபாமாவுக்கு அங்குள்ள சோமாலியப் பெரியவர்கள் தங்கள் மரபு உடையைப் போர்த்தி மரியாதை செய்தார்கள். அந்தப் புகைப்படம் 2008 பிப்ரவரியில் இணையத்தில் சுற்றியது. அவர் கொடிக்கு மரியாதை செய்யாதவர், ரகசிய முஸ்லிம் என்றெல்லாம் சங்கிலி ஈமெயில்கள். அந்த ஆண்டு பியூ ஆய்வு மையம் எடுத்த கணிப்புகளில் பத்தில் ஒருவர், அதற்குக் கொஞ்சம் மேலும்கூட, ஒபாமா முஸ்லிம் என்றே நம்பினார்கள். மிஷேலைக் கோபக்காரக் கறுப்பினப் பெண்ணாகக் காட்டும் பேச்சும் கூடவே ஓடியது. சுருள்முடியும் துப்பாக்கியும் அறுபது, எழுபதுகளின் கறுப்பினப் போராளிகளின் தோற்றத்தை நினைவுபடுத்த வந்தவை.

இதை எழுதி முடித்ததும் ஒன்று கண்ணில் படும். பிளிட் தன் கற்பனையில் இருந்து ஏறக்குறைய எதையும் சேர்க்கவில்லை. ஊரில் உலவிய வதந்திகளை எல்லாம் ஒரே அறையில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். அப்போது கேட்க வேண்டிய கேள்வி, இந்த முழு வழிமுறைக்கும் அச்சாணி இது: யாருடைய கண்ணால் இந்தப் படம் வரையப்பட்டிருக்கிறது? வரைந்தவர் கண்ணாலா, அல்லது அவர் கேலி செய்ய நினைக்கும் ஆளின் கண்ணாலா? நாம் பார்த்து வளர்ந்த கார்ட்டூன் பெரும்பாலும் முதல் வகை. அமைச்சருக்குப் பெரிய வயிறு வரைந்தால், வரைந்தவர் அவரைப் பேராசைக்காரர் என்கிறார், அவ்வளவுதான். இந்த ரேப்பர் இரண்டாவது வகை. வதந்தியை நம்பும் ஒருவரின் மண்டைக்குள் ஓடும் காட்சி அது. இந்த இரண்டு வகையையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் சர்ச்சைக்குரிய ரேப்பர்களில் பாதிக்கு மேல் திறந்துகொள்ளும்.

அடுத்து, இதழைப் புரட்டுங்கள். படத்துக்கு ஒரு தலைப்பு உண்டு: 'அச்சத்தின் அரசியல்'. அது அட்டையில் இல்லை, உள்ளே உள்ளடக்கப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. அட்டையில் தலைப்புச் செய்திகள் போடாதது நியூயார்க்கரின் பழக்கம். படம் உள்ளே இருக்கும் கட்டுரைக்கானதாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அந்த இதழின் உள்ளே ஒபாமாவின் சிகாகோ அரசியல் வாழ்க்கை பற்றி ஒரு நீண்ட, நிதானமான கட்டுரை இருந்தது. வாராவாரம் சந்தா கட்டி வாங்கும் வாசகருக்கு இந்த வழக்கம் தெரியும். படத்தை மட்டும் டிவியில் பார்த்த கோடிக்கணக்கானவர்களுக்கு எப்படித் தெரியும்?

இந்த இடத்தில் என் தொழில் தீர்ப்பைச் சொல்கிறேன். அந்த ரேப்பரில் ஒரு குறை இருக்கிறது. கேலிக்கு ஆளாக வேண்டியவர் படத்துக்குள்ளேயே இல்லை. வதந்தி பரப்புகிற ஆளை ஒரு மூலையில், ஜன்னலில் எட்டிப்பார்க்கும் முகமாகவாவது வைத்திருக்கலாம். தலைப்பையாவது வெளியே போட்டிருக்கலாம். அப்படிச் செய்தால் படத்தின் வேகம் குறையும் என்று ஓவியர்கள் சொல்வார்கள், எங்கள் அலுவலகத்தில் இதே வாதத்தைப் பலமுறை கேட்டிருக்கிறேன். குறையட்டுமே. நம்மிடம் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. பாரதி 1906-லிருந்து 'இந்தியா' வார இதழில் கருத்துப்படங்கள் போட்டபோது, படத்துக்கு விளக்கமும் எழுதிச் சேர்த்தார். தமிழ் வாசகருக்கு அந்த வடிவமே புதிது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. விளக்கம் போட்டதால் அந்தப் படங்களின் சூடு தணிந்துவிடவில்லை.

ஒபாமா தரப்பு அந்த அட்டையை ரசனைக்கேடானது, புண்படுத்துவது என்றது. எதிர் வேட்பாளர் மெக்கெய்ன் தரப்பும் அதை ஆமோதித்தது. ஆசிரியர் டேவிட் ரெம்னிக், வதந்திகளுக்குக் கண்ணாடி காட்டத்தான் போட்டோம் என்று விளக்கினார். ஒபாமா சில நாள் கழித்து ஒரு டிவி பேட்டியில், நையாண்டி செய்ய முயன்றிருக்கிறார்கள், அது முழுதாகக் கைகூடவில்லை என்று சொன்னதோடு, முஸ்லிம் என்ற சொல்லே வசையாகப் பயன்படுவது அமெரிக்க முஸ்லிம்களுக்கு அவமதிப்பு என்றும் சொன்னார். என் வகுப்பில் ஒரு மாணவி இதையே தன் சொல்லில் சொன்னாள்: "எனக்குப் புரிஞ்சது மேடம். ஆனா எங்க தாத்தா போடற டிரஸ்தானே அது?" அவளுக்குப் படம் நன்றாகவே புரிந்திருந்தது. புரிந்த பிறகும் வலிக்கலாம். இந்த வழிமுறை யாரையும் சிரிக்க வைப்பதற்கு இல்லை. எதற்காகக் கோபப்படுகிறோம் என்று தெரிந்து கோபப்படுவதற்கு.

இன்னொரு பயிற்சி, தூரத்து ஊர்ப் படம். 2013-ல் பிரான்சின் நையாண்டி வார இதழான சார்லி ஹெப்டோவில் வந்த ஒரு கார்ட்டூன், நீதி அமைச்சர் கிறிஸ்டியான் தொபிராவைக் குரங்கு உடலோடு காட்டியது. அவர் கறுப்பினப் பெண். 2015 ஜனவரி 7 அன்று அந்த அலுவலகத்தில் தாக்குதல் நடந்து, பன்னிரண்டு பேர் கொல்லப்பட்ட பிறகு, பத்திரிகையின் இனவெறிக்குச் சாட்சி என்று இந்தப் படம் உலகமெல்லாம் சுற்றியது. மேலே சொன்ன பட்டியலை இதற்குப் போடுங்கள். மூலையில் மூவண்ணத் தீச்சுடர் ஒன்று இருக்கும். அது பிரான்சின் தீவிர வலதுசாரித் தலைவர் மரீன் லெ பென்னின் கட்சிச் சின்னம். மேலே உள்ள பிரெஞ்சு வரி அவருடைய அப்போதைய கூட்டணியின் பெயர், அதில் 'மரீன்' என்ற சொல் மட்டும் 'இனவெறி' என்று மாற்றப்பட்டிருக்கும். அந்தக் கட்சியின் வேட்பாளர் ஒருவர் அமைச்சரைக் குரங்கோடு ஒப்பிட்டதற்குப் பதிலாக வந்த படம் அது. சின்னமும் பிரெஞ்சும் தெரியாதவருக்கு இதில் குரங்கு மட்டும்தான் தெரியும். வரைந்த ஷார்ப் அந்தத் தாக்குதலில் இறந்துபோனார். அவரோடு கொல்லப்பட்ட இன்னொரு ஓவியர் தின்யூஸின் இறுதிச் சடங்கில் தொபிரா பேசினார். இத்தனையும் தெரிந்த பிறகும், அந்த உருவத்தையே வரைந்திருக்கக் கூடாது என்று ஒருவர் சொன்னால் அவரோடு நான் சண்டை போட மாட்டேன்.

நம் அரசியல் சாய்வும் கண்ணை மறைக்கும். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூவர் 2009-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை மாணவர்களிடம் அவசியம் சொல்வேன். வலதுசாரிப் பேச்சாளர்போல நடித்துக் கேலி செய்த ஸ்டீபன் கோல்பேரின் டிவி நிகழ்ச்சியை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பழமைவாதிகள், தாராளவாதிகள் என இரு தரப்புக்கும் அவர் வேடிக்கையானவராகவே பட்டார். ஆனால் பழமைவாதிகள், அவர் விளையாட்டுக்குப் பேசுவதாகப் பாசாங்கு செய்கிறார், உள்ளுக்குள் சொல்வதையெல்லாம் நம்புகிறார் என்று கருதும் போக்கு அதிகம் இருந்தது. அதனால் ஒரு ரேப்பரைப் பார்த்து உடனே மகிழ்ச்சி வந்தால், அப்போதுதான் கூடுதலாக ஒரு முறை பார்க்க வேண்டும். கேலிக்கு ஆளானவர் இதைத் தன் வீட்டுச் சுவரில் மாட்டுவாரா என்று கேட்டுப் பாருங்கள். நியூயார்க்கர் ரேப்பரை வதந்தியை நம்பியவர்கள் சந்தோஷமாக மாட்டியிருப்பார்கள். அதன் பலவீனம் அதில் தெரிகிறது.

எல்லோருக்கும் பளிச்சென்று புரிந்ததால் சிக்கலான ரேப்பரும் உண்டு. 1987 மார்ச் 29 தேதியிட்ட ஆனந்த விகடன். மேடையில் இருப்பவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று ஒருவர் கேட்க, பிக்பாக்கெட் போல இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் போல இருப்பவர் மந்திரி என்று இன்னொருவர் சொல்லும் ஜோக். நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். அப்பா படித்துவிட்டுச் சிரித்து, அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினார். யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. யார் பெயரும் அதில் இல்லை. ஆனாலும் சட்டமன்றம் உரிமை மீறல் என்றது. ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியன் மன்னிப்புக் கேட்க மறுத்தார். சபாநாயகர் பி.எச். பாண்டியன் மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை அறிவித்தார். நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்ததும் இரண்டொரு நாளில் அவரை விடுவித்தார்கள். பின்னால் உயர் நீதிமன்றம் அவருக்கு 1000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

கடைசியாக, அனுப்பும் பழக்கம். ஒரு ரேப்பரைப் பிறருக்கு அனுப்பினால், பத்திரிகையின் பெயர், இதழின் தேதி, ஊர், அதன் தலைப்பு, எந்தப் பேச்சுக்குப் பதிலாக வந்தது என்ற ஒரு வரி, இவ்வளவையும் படத்தின் கீழே தட்டச்சு செய்து அனுப்புங்கள். படத்தின் ஓரங்களை வெட்டாதீர்கள், பத்திரிகையின் பெயரும் சின்னங்களும் அங்கேதான் இருக்கும். சித்தி மகன் அன்றைக்கு இரண்டு வரி எழுதியிருந்தால் என் இரண்டு நாள் கோபம் மிச்சமாகியிருக்கும்.

வகுப்புக்கு நான் எடுத்துப்போகும் பிரிண்ட்களின் பின்புறத்தில் இந்த விவரங்களைப் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். முதல் பத்து நிமிடம் யாரும் திருப்பிப் பார்க்கக் கூடாது. போன மாதம் விகடன் ரேப்பர் கொடுத்த பையன் பட்டியலை இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டான். பிரிண்டைத் திருப்பி மூன்று மாதக் கடுங்காவல் என்று படித்ததும் மறுபடி முன்பக்கம் திருப்பினான். "மேடம், இதுல நான் எதையாவது விட்டுட்டேனா?" என்று கேட்டான். இல்லை, நீ எதையும் விடவில்லை என்றேன்.