திருகோணமலையில் நத்தார்: விருந்தாளிகள் செய்யும் தவறுகள்

எங்கள் அலுவலகத்துப் பையன்கள் இரண்டு பேர் இந்த டிசம்பரில் திருகோணமலைக்குப் போகிறார்கள். கூடப் படித்த நண்பன் வீட்டில் கிறிஸ்துமஸ். பயணத் திட்டத்தை எழுதிக்கொண்டு வந்து காட்டினார்கள். 2014இல் இதே ஊரில் என் நண்பன் வீட்டுக் கிறிஸ்துமஸுக்குப் போனபோது நான் எழுதிய தாளைப் பார்த்துக் காப்பி அடித்த மாதிரியே இருந்தது. அதே புறாத்தீவு, அதே கேக் பெட்டி, அதே 25ஆம் தேதி ராத்திரி பஸ்.

விசா, குடை, கொசுவத்தியெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், விடுங்கள். திருச்சியில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் இலங்கை. நண்பன் வீட்டில் போய் இறங்கினால் எல்லாரும் தமிழ் பேசுகிறார்கள். வெளிநாட்டுக்கு வந்திருக்கிறோம் என்ற நினைப்பே வராது. சறுக்குவது அதனால்தான்.

கொழும்புக்குள் நுழைவது

விமான நிலையம் கட்டுநாயக்கவில் இருக்கிறது, கொழும்புக்கு வடக்கே. அங்கிருந்தே குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று நேராகப் போய்விடலாம். கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் ராத்திரி ரயில் பிடிப்பதாக இருந்தால் மட்டும் ஊருக்குள் போங்கள்.

தெரிந்த தமிழ்தானே என்று தலையாட்டுவது

"22ஆம் திகதி ஒளிவிழா, அதுக்கு முதல் வந்திடு" என்றான் நண்பன். கார்த்திகை தீபம் மாதிரி ஏதோ என்று நினைத்து, 23ஆம் தேதி மதியம் போய் இறங்கினேன். ஒளிவிழா என்றால் பள்ளிக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் நடத்துகிற கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி. அவன் தங்கை அதில் நத்தார் பாப்பா, அதாவது கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டு ஆடியிருக்கிறாள். நத்தார் என்றால் கிறிஸ்துமஸ். போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல். அந்தப் பெண் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. புரியாத சொல் வந்தால் கேட்டுவிடுங்கள், சிரித்துவிட்டுச் சொல்வார்கள். நான் கேட்காமல் விட்ட இன்னொரு சொல்லைப் பற்றிக் கீழே வரும்.

கேக் வாங்கிப் போவது

அந்த வீடுகளில் ரிச் கேக் வேலை பல வாரம் முன்பே ஆரம்பித்துவிடும். முந்திரி, பேரீச்சை, பாகில் போட்ட பூசணி, இஞ்சி எல்லாவற்றையும் பொடியாக நறுக்கிப் பிராந்தியில் ஊறப் போடுவார்கள். மாவுக்குப் பதில் ரவை. சுட்டெடுத்து, விரல் நீளத்துக்கு வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகத் தாளில் சுற்றி வைப்பார்கள். அந்தக் குசினிக்குள், அதாவது சமையலறைக்குள், நான் திருச்சி பேக்கரியின் பிளம் கேக்கோடு நுழைந்தேன். நண்பனின் அம்மா வாங்கி வைத்துக்கொண்டார். அப்புறம் அதை நான் எங்கேயும் பார்க்கவில்லை.

அடுத்த முறை வேளாங்கண்ணி மாதா கோயில் எண்ணெய் ஒரு சின்னப் புட்டி கொண்டுபோனேன். அது இன்றைக்கும் பாலன் குடிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

நற்கருணை வரிசையில் நிற்பது

நள்ளிரவுத் திருப்பலியில் பக்கத்து ஆட்கள் எழுந்து போகிறார்களே என்று நீங்களும் போகாதீர்கள். நற்கருணை என்கிற அந்த அப்பம் பிரசாதம் மாதிரி எல்லாருக்கும் கொடுப்பது இல்லை, கத்தோலிக்கர்களுக்கு மட்டும்தான். உட்கார்ந்திருந்தால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பாதி வரிசையில் விஷயம் தெரிந்து, அத்தனை பேர் பார்க்கத் திரும்பி வந்தவன் சொல்கிறேன்.

25ஆம் தேதி ராத்திரியே கிளம்புவது

பையன்களின் தாளில் இதைப் பார்த்ததும்தான் எனக்குக் கோபம் வந்தது. அவர்கள்மேல் பாதி, என்மேல் பாதி.

25 முடிந்தால் கிறிஸ்துமஸ் முடிந்தது என்று நானும் கணக்குப் போட்டிருந்தேன். ராத்திரி பஸ், காலையில் விமானம், ஒரு நாள் லீவு மிச்சம். மத்தியானம் கோழிக்கறியும் கணவாயும் சாப்பிட்டுவிட்டு விறாந்தையில் உட்கார்ந்திருந்தபோது அம்மா வந்து, "நாளைக்கும் நிண்டுட்டுப் போங்கோவன் தம்பி" என்றார். நிற்பது என்றால் அங்கே தங்குவது. அது எனக்குத் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் நிற்கச் சொல்கிறாரா என்றுகூட ஒரு நொடி குழம்பினேன். பிறகு அர்த்தம் பிடிபட்டது. ஆனால் நம் ஊரில் வாசல்வரை வந்து, "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போகலாமே" என்று சொல்வோமே, அந்த உபசாரம் என்று எடுத்துக்கொண்டேன். "அடுத்த தடவை கண்டிப்பா இருக்கேன்மா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

மறுநாள் டிசம்பர் 26. கடல் வந்து அன்றோடு பத்து வருடம்.

2004இல் அது ஞாயிற்றுக்கிழமை, போயா என்கிற பௌர்ணமி விடுமுறையும்கூட. முதல் நாள் அதே வீட்டில் நத்தார் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு நிலாவெளிப் பக்கம் தங்கள் வீட்டுக்குத் திரும்பியிருந்தார்கள் நண்பனின் சித்தியும் அவர் மகனும். காலையில் அலை வந்தது. அதிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு நத்தார் இரண்டு நாள். 25 சிரிக்க, 26 கோயிலுக்கும் சேமக்காலை என்கிற கல்லறைத் தோட்டத்துக்கும் போய் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்து, எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட. முதல் நாள் சாப்பிட்ட விருந்தாளி இரண்டாம் நாளும் இருக்க வேண்டும் என்று அந்த அம்மா விரும்பினார். அதைத்தான் அவர் ஒரே வரியில் கேட்டார்.

வேளாங்கண்ணியில் அதே காலை செத்தவர்களை டிவியில் பார்த்து அழுதவன் நான். தேதி தெரியாது என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது.

பஸ்ஸும் போய்ச் சேரவில்லை. அந்த டிசம்பரில் கிழக்கு முழுக்க வெள்ளம். கந்தளாய்க்குக் கொஞ்சம் தள்ளி ரோட்டின்மேல் தண்ணீர் ஓட, விடியவிடிய நின்றோம். விமானம் போய்விட்டது. புது டிக்கெட்டுக்கு ஒரு மாதச் சம்பளத்தில் பாதி. மிச்சம் பிடித்த லீவுக்குப் பதிலாக மூன்று நாள் லீவு கூடுதலாகப் போயிற்று. இதெல்லாம் மறந்தே போயிருக்கும். ஆனால் கட்டுநாயக்கவிலிருந்து நண்பனுக்குப் போன் போட்டு, "ஏண்டா முன்னாடியே சொல்லல?" என்று கத்தினேன். அவன் நிதானமாகக் கேட்டான்: "சொல்லியிருந்தா நீ நேற்றுச் சந்தோஷமாச் சாப்பிட்டிருப்பியோ?"

அடுத்த வருடம் 28ஆம் தேதிவரை நின்றேன். 26 காலை 9.25க்கு இலங்கை முழுக்க இரண்டு நிமிடம் மௌனம். சேமக்காலையில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. அம்மா எனக்கும் குடை பிடித்தார். வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த ரிச் கேக்கை எல்லாருக்கும் எண்ணிக் கொடுத்தார், சித்திக்கும் அவர் மகனுக்கும் சேர்த்து. அந்த இரண்டு துண்டும் தட்டிலேயே இருந்தன.

அதனால் திரும்பும் டிக்கெட் 27க்கு முன் வேண்டாம். மழைக்காக இன்னும் ஒரு நாள் சேர்த்துக்கொண்டால் நல்லது. 26 அன்று பீச்சுக்குப் போகலாமா என்று அந்த வீட்டில் வாய் தவறியும் கேட்காதீர்கள்.

புறாத்தீவு

நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கிற சின்னத் தீவு, படகில்தான் போக வேண்டும். டிசம்பரில் வடகீழ்ப் பருவமழை, கடல் கொந்தளிக்கும். மே மாதத்துக்கு மேல் வாருங்கள். இப்போதைக்குக் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. மழையில் நனைந்துகொண்டே வெந்நீரை வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்வது தனிச் சுகம். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் கோட்டைக்குள் மான்கள் கிட்டே வரும். கேக் கொடுக்காதீர்கள்.

பலகாரத் தட்டோடு போக மறுப்பது

25 காலையில் கேக், கொக்கிஸ், முறுக்கு எல்லாம் வைத்த தட்டுகள் அக்கம்பக்கத்துக்குப் போகும். இந்து, முஸ்லிம், சிங்கள வீடு என்று பார்ப்பதில்லை. களைப்பாக இருக்கிறது என்று படுத்துவிடாமல் கூடப் போங்கள். எல்லா வீட்டிலும் பிளேன்டி, அதாவது பால் இல்லாத டீ தருவார்கள், எல்லா வீட்டிலும் குடிக்க வேண்டும். முதல் வீட்டிலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டால் ஏழாவது வீட்டில் மாட்டிக்கொள்வீர்கள்.

கிளம்பும்போது உறையில் பணம் வைப்பது

வேண்டாம்.