டி செல்லிலிருந்து டி செல்லுக்கு ஹெச்ஐவி தாவுவதைப் படம் பிடிக்க

டி செல் என்பது நோய் எதிர்ப்பு வெள்ளை அணு. தொற்றுள்ள டி செல்லுக்கும் தொற்றில்லாத டி செல்லுக்கும் வேறு வேறு நிறச் சாயம் ஏற்றி, செல்களை ஒட்டிப் பிடிக்கும் பாலி-லைசின் பூசிய கண்ணாடித் தட்டில் ஒன்றாக விடுங்கள். பூசாவிட்டால் செல்கள் மிதந்து நகர்ந்துகொண்டே இருக்கும், ஒரு படமும் உருப்படாது. வைரஸின் உடலைக் கட்டும் காக் புரதத்தோடு பச்சை ஒளிர்புரதம் இணைந்திருந்தால், இரண்டு செல்லும் தொடும் இடத்தில் பச்சை திரள்வது கன்ஃபோகல் என்னும் லேசர் நுண்ணோக்கியில் பளிச்சென்று தெரியும், கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டிய இடம் அதுதான். செல்கள் உயிரோடு இருக்க 37 டிகிரி செல்சியஸ், 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு, அப்புறம் லேசர் குறைவாக. ஒரு வைரஸ் சுமார் 100 நானோமீட்டர், சாதாரண ஒளி நுண்ணோக்கியோ 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துக் காட்டாது, அதனால் ஒரு புள்ளியை ஒரு வைரஸ் என்று எண்ணிவிடாதீர்கள். உயிருள்ள வைரஸ் என்றால் பிஎஸ்எல்-3 எனும் மூன்றாம் நிலை உயிரிப் பாதுகாப்பு ஆய்வக வசதி வேண்டும். புதுச்சேரிபோல் கடற்காற்று வீசும் ஊரில் நுண்ணோக்கி லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். படம் பிடிக்க லென்ஸில் இட்ட எண்ணெயைத் துடைத்துச் சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள்.