ப்ராசஸர் தாங்கும், டிஸ்க் தாங்காது: பழைய லேப்டாப் ஓவர்கிளாக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்எஃப்எஸ்பி மென்பொருளை இறக்கி, பழைய லேப்டாப்பை அதற்குக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டிப் பார்க்க (இதுதான் ஓவர்கிளாக்) புதிது புதிதாக ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். செய்கிற தவறுகள் மட்டும் மாறவே இல்லை. ஃபேனில் தூசி தட்டுவது, சூட்டைக் கவனிப்பது எல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். பட்ட பிறகு திருத்த முடியாத தவறுகளைத்தான் இங்கே பேச வேண்டும்.

கணக்குக்கு ஒரு மாதிரி: 2008 வாக்கில் மலிவு லேப்டாப்களில் வந்த பென்டியம் டூயல்-கோர் டி2390. பஸ் கிளாக் (போர்டின் பாகங்களுக்குத் தாளம் போடும் அடிப்படைத் துடிப்பு) 133 மெகாஹெர்ட்ஸ், அதை ப்ராசஸருக்குள் பெருக்கும் பெருக்கி 14, ஆக 1.86 கிகாஹெர்ட்ஸ். பெருக்கியை ஏற்ற முடியாது, பூட்டியிருக்கும். அதனால் செட்எஃப்எஸ்பி மூலம் பஸ் கிளாக்கைத்தான் ஏற்ற வேண்டும். 160-க்குக் கொண்டுபோனால் 2.24 கிகாஹெர்ட்ஸ். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கேம் ஓடுகிறது, அதனால் எல்லாம் சரி என்று நம்புவது

பலரும் விழுவது இதில்தான். 160 வைத்தாயிற்று, ஒரு மணி நேரம் கேம் ஓடுகிறது, ப்ராசஸரைப் பிழிந்து சோதிக்கும் பிரைம்95 கூடப் பிழை காட்டவில்லை. உடனே ‘ஸ்டேபிள்’ என்று முடிவு கட்டி அன்றாட வேலையை அதே வேகத்தில் தொடர்கிறார்கள். சில வாரம் கழித்து ஜிப் கோப்பைப் பிரித்தால் சிஆர்சி (தகவல் சிதைந்ததா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண்) பிழை. குடும்பப் படங்களைத் திறந்தால் பாதிக்குக் கீழே சாம்பல் பட்டை. என்றைக்குக் கெட்டது என்றே தெரியாது. இதற்குள் பேக்கப்பிலும் கெட்ட கோப்பே ஏறியிருக்கும்.

காரணம் எளிது. பஸ் கிளாக் ப்ராசஸருக்கு மட்டும் சொந்தமில்லை. ரேமின் வேகம் அதே கிளாக்கிலிருந்து விகிதக் கணக்கில் வருகிறது. 133-இல் 333 மெகாஹெர்ட்ஸில் ஓடும் டிடிஆர்2-667 ரேம், 160-இல் 400-க்குப் போய்விடும். அதாவது 667-க்கு உத்தரவாதம் கொடுத்த ரேமை 800-இல் ஓட்டுகிறீர்கள். இந்தத் துடிப்புகளை உண்டாக்கும் கிளாக் சிப்பைப் பொறுத்து, துணைப் பாகங்களை இணைக்கும் பிசிஐ-யின் 33 மெகாஹெர்ட்ஸும் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கன்ட்ரோலரின் 100 மெகாஹெர்ட்ஸும் கூடவே ஏறலாம். 20 சதவீதம் ஏறினால் 40, 120. ப்ராசஸர் அதைத் தாங்கிக்கொள்ளும். சாட்டா இணைப்பு அந்த அளவு விலகலுக்குச் செய்யப்பட்டதில்லை.

ஆகவே தொடங்கும் முன் கிளாக் சிப்பின் டேட்டாஷீட்டைத் தேடி எடுங்கள். சிபியு, எஸ்ஆர்சி (சாட்டா போன்றவற்றுக்குப் போகும் 100 மெகாஹெர்ட்ஸ்), பிசிஐ ஆகிய வெளியீடுகள் தனித்தனி பிஎல்எல்-இலிருந்து (சிப்புக்குள் துடிப்பை உருவாக்கும் சுற்று) வருகின்றனவா என்று பாருங்கள். ஒரே பிஎல்எல் என்றால் சில மெகாஹெர்ட்ஸோடு நிறுத்திவிடுங்கள். தனித்தனி என்றாலும் ரேம் பிரச்சினை அப்படியே இருக்கிறது. டிடிஆர்2-800 ரேம் போட்டால் அந்தப் பக்கம் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

அடுத்து சோதனை. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் சி7 என்ற வரியைப் பாருங்கள். போர்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே சிதைந்த தகவல்களின் எண்ணிக்கை அது. வேகத்தைக் கூட்டும் முன் குறித்துவையுங்கள். கூட்டிய பின் ஒன்று கூடினாலும் கிளாக்கை இறக்குங்கள். விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் டிஸ்க் சம்பந்தமாக 11 அல்லது 129 என்ற எண்ணில் பதிவு புதிதாக வந்தாலும் அப்படியே. ஆனால் சி7 பூஜ்யமாக இருப்பதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். ரேமிலேயே கெட்டுப்போன தகவல், டிஸ்க்குக்கு முறையான சிஆர்சி-யோடுதான் போய்ச் சேரும். அந்தக் கணக்கில் பிழையே தெரியாது.

அதைப் பிடிக்க வழி இது. ரேம் அளவைப் போல இரண்டு மடங்குள்ள ஒரு கோப்பை எடுங்கள். 2 ஜிபி ரேம் என்றால் 4 ஜிபி கோப்பு. சாதாரண வேகத்தில் இருக்கும்போதே 7-ஜிப்பின் வலது கிளிக் பட்டியலில் எஸ்ஹெச்ஏ-256 (கோப்பின் கைரேகை போன்ற எண்-எழுத்து வரிசை) எடுத்து எழுதிவையுங்கள். வேகத்தைக் கூட்டி, கோப்பை நகலெடுத்து, கணினியை முழுவதும் அணைத்துப் போட்டபின் நகலுக்கு எஸ்ஹெச்ஏ எடுங்கள். அணைக்காமல் எடுத்தால் டிஸ்க்கில் இருப்பதற்குப் பதில் ரேமில் தங்கியதையே படித்து ‘சரி’ என்று சொல்லிவிடக்கூடும். நாலைந்து முறை செய்யுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அந்த வேகம் உங்களுக்கு வேண்டாம். இதோடு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐயும் ஓட்டலாம். ஆனால் அது விண்டோஸுக்கு முன்பே ஓடுவதால் செட்எஃப்எஸ்பி ஏற்றிய வேகம் அப்போது பெரும்பாலும் இருக்காது. பிஎஸ்இஎல் பின்களை (பஸ் கிளாக்கைத் தீர்மானிக்கும் ப்ராசஸர் கால்கள்) மாற்றி வேகம் கூட்டியவர்களுக்குத்தான் அது முழுமையாகப் பயன்படும்.

இதற்குள்ளேயே இன்னொரு கொடுமை நடக்கிறது. கோப்புகள் கெட்டதைப் பார்த்துப் பதறி, கூட்டிய வேகத்திலேயே விண்டோஸின் டிஸ்க் பழுதுநீக்கியான செக்டிஸ்க்கை ஓட்டுகிறார்கள். தப்பாகப் படிக்கும் கணினி, நல்ல பதிவையும் ‘பழுது’ என்று எடுத்துத் திருத்தி எழுதிவிடும். மீட்டிருக்கக்கூடிய ஃபோல்டர்களும் அதில் போகும். முதலில் அணைத்து, டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி, கோப்புகளை நகலெடுங்கள். பழுது பார்ப்பது அதற்குப் பிறகு.

கிளாக் சிப்பை ஊகித்துத் தேர்ந்தெடுப்பது

செட்எஃப்எஸ்பி-யின் பட்டியலில் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பது வேலை செய்யும் முறையல்ல. தவறான சிப்பைத் தேர்ந்தெடுத்தால் ஹேங் ஆவது உறுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பைத் திறந்து, 14.318 என்று பொறித்த சிறு கிரிஸ்டல் பக்கத்தில் தேடினால் சிப் கிடைக்கும். ஐசிஎஸ்9எல்பிஆர்எஸ்365, எஸ்எல்ஜி8எஸ்பி513, ஆர்டிஎம்875 போன்ற எண்கள் மேலே அச்சாகியிருக்கும். டார்ச் அடித்துச் சாய்த்துப் பிடித்தால்தான் படிக்க முடியும். சரியான சிப்பைத் தேர்ந்தெடுத்தும் வேகத்தைக் காட்டும் சிபியு-இஸட்-இல் எண் அசையவில்லை என்றால், கிளாக் சிப்பின் டிஎம்இ என்ற பின் (கால்) வழியாக ஓவர்கிளாக்கைப் பூட்டியிருக்கிறார்கள். போர்டின் ஸ்கீமேட்டிக் கையில் இல்லாமல் அந்தப் பின்னில் சால்டரிங் அயர்னை வைக்காதீர்கள்.

ஒரேயடியாகத் தாவுவது

2 மெகாஹெர்ட்ஸ் ஏற்றுங்கள், சோதியுங்கள், மறுபடி 2. பிஎஸ்இஎல் பின்களை மாற்றினால் 133-இலிருந்து நேராக 166-க்குத் தாவும், 25 சதவீதம். நடுவே படியே கிடையாது. கணினி எழவில்லை என்றால் மறுபடி பிரித்துத்தான் ஆக வேண்டும்.

ஸ்டார்ட்டப்பில் போட்டுவைப்பது

செட்எஃப்எஸ்பி தானாக ஓடும்படி வைக்க வேண்டாம். வேகம் ஒத்துவராவிட்டால் ஒவ்வொரு முறையும் விண்டோஸ் திறந்தவுடன் உறைந்துபோகும். சேஃப் மோடில் நுழைந்து நீக்கும்வரை அவஸ்தை.

தெர்மல் பேட் இருந்த இடத்தில் பேஸ்ட் தடவுவது

ப்ராசஸரின் மீது பேஸ்ட், சரி. பக்கத்தில் சிப்செட்டின் மேல் இருந்த பேட் 1 மில்லிமீட்டர் தடிமன் என்றால் அதே தடிமனில் புதுப் பேட்தான் வைக்க வேண்டும். பேஸ்ட் அந்த இடைவெளியை நிரப்பாது. ப்ராசஸர் 70 டிகிரி காட்டிக்கொண்டிருக்கும், பஸ் கிளாக் முழுவதையும் சுமக்கும் சிப்செட் சத்தமில்லாமல் வேகும். ஹீட்சிங்க்கில் பொறித்திருக்கும் 1, 2, 3, 4 வரிசைப்படியே ஸ்க்ரூக்களை முடுக்குங்கள்.

பேட்டரியில் ஓட்டிச் சோதிப்பது

அடாப்டர் மாட்டியே சோதியுங்கள்.

2011-க்குப் பிந்திய லேப்டாப்பில் இதையே முயல்வது

சாண்டி பிரிட்ஜ் முதல் இன்டெல் லேப்டாப்களில் 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கிளாக் ஒன்றே ப்ராசஸர், சாட்டா, பிசிஐ எக்ஸ்பிரஸ் அனைத்துக்கும். சில சதவீதத்துக்கு மேல் ஏற்ற வழியில்லை, அந்தச் சில சதவீதத்துக்காக டிஸ்க்கைப் பணயம் வைக்க வேண்டியதும் இல்லை. நான்காம் தலைமுறை முதல் த்ராட்டில்ஸ்டாப் மென்பொருளில் ப்ராசஸரின் வோல்டேஜைக் குறைத்தால், டர்போ (தேவைப்படும்போது தானாக வேகம் ஏறும் வசதி) உள்ள ப்ராசஸர் அதிக வேகத்தில் அதிக நேரம் நிற்கும். 10 மில்லிவோல்ட் வீதம் குறையுங்கள். 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் பாதுகாப்புக் குறை வெளியான பின் வந்த பயாஸ் அப்டேட்கள் பலவற்றில் இந்த வசதியைப் பூட்டிவிட்டார்கள். ஸ்லைடர் வேலை செய்யவில்லை என்றால் முதலில் அதைப் பாருங்கள். ஐ3-5005யு போன்றவற்றில் டர்போவே கிடையாது. வோல்டேஜைக் குறைத்தால் சூடு குறையும், 2 கிகாஹெர்ட்ஸ் 2 கிகாஹெர்ட்ஸாகவே இருக்கும். அந்த லேப்டாப்பில் இன்னும் ஹார்ட் டிஸ்க் ஓடுகிறதென்றால், எஸ்எஸ்டி மாற்றப் பணம் ஒதுக்குங்கள்.