ஹோம் தியேட்டர் ரிசீவர் அணைந்துபோகிறதா, சத்தம் வரவில்லையா? வீட்டிலேயே கண்டுபிடிக்கும் முறை

ரிசீவர் போய்விட்டது என்று நாம் முடிவு கட்டும் பல நேரங்களில் ரிசீவர் நன்றாகவே இருக்கிறது. பழுது ஸ்பீக்கர் ஒயரிலோ, டிவியின் ஒரு செட்டிங்கிலோ, சுவர் பிளக்கின் எர்த்திலோ இருக்கும். பத்து கிலோ பெட்டியைக் கழற்றி, ஆட்டோவில் ஏற்றி, சர்வீஸ் சென்டரில் வைத்துவிட்டு வந்தால், "எங்களிடம் நன்றாக ஓடுகிறது" என்று திருப்பித் தருவார்கள். வீட்டுக்கு வந்து மாட்டினால் அதே தொல்லை. அதனால் பெட்டியைத் தூக்குவதற்கு முன்னால், பழுது பெட்டிக்கு உள்ளேயா வெளியேயா என்பதை நாமே தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பதிவு அதற்குத்தான்.

எந்த கேபிள் எங்கே போகிறது என்பது உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். கழற்றும் முன் ரிசீவரின் பின்பக்கத்தை போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

என்னென்ன வேண்டும்

டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒயர் ஸ்ட்ரிப்பர், டார்ச், இன்சுலேஷன் டேப், ஒரு பென்டார்ச் பேட்டரி. இதில் மல்டிமீட்டர் கண்டிப்பாக வேண்டும். டெஸ்டரால் ஸ்பீக்கர் ஒயரைச் சோதிக்க முடியாது. மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் சில நூறு ரூபாய்க்கே மல்டிமீட்டர் கிடைக்கிறது. இந்த வேலைக்கு அதுவே தாராளம். ஸ்ட்ரிப்பரும் வாங்கிவிடுங்கள். பிளேடால் ஒயரைச் சீவினால் செம்பு இழைகளில் பாதி அறுந்து, மீதி பிரிந்து நிற்கும். அப்படி நிற்கும் ஒரே ஒரு இழை என்ன செய்யும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

ரிசீவரின் மூடியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

படி 1: பாதியை ஒதுக்குங்கள்

ரிசீவரின் செட்டப் மெனுவில் ஸ்பீக்கர் லெவல் பகுதிக்குப் போனால் டெஸ்ட் டோன் இருக்கும். "ஷ்ஷ்" என்று அருவி போல ஒரு சத்தம் ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றி வரும். எல்லா ஸ்பீக்கரிலும் அது கேட்டால் ஆம்ப் (ரிசீவருக்குள் ஒலியைப் பெருக்கும் பகுதி), ஒயர், ஸ்பீக்கர் எல்லாம் சரி. குறை டிவி, செட்டாப் பாக்ஸ், எச்டிஎம்ஐ பக்கம் இருக்கிறது. நேராகப் படி 4-க்குப் போங்கள். ஏதாவது ஒரு ஸ்பீக்கரில் மட்டும் வரவில்லை என்றால் அந்த ஸ்பீக்கரின் ஒயரைப் பாருங்கள்.

மெனுவுக்குள் போகத் தயக்கமாக இருந்தால் ரிசீவரிலேயே உள்ள எஃப்.எம். ரேடியோவைப் போடுங்கள். சூரியன் எஃப்.எம்., ஹலோ எஃப்.எம். ஏதாவது ஒன்றில் பாட்டு கேட்டாலே முன்பக்க இரண்டு ஸ்பீக்கருக்கும் பதில் கிடைத்துவிடும்.

எதிலுமே சத்தம் இல்லையா? முன்பக்கம் ஹெட்போன் ஜாக்கில் ஏதாவது செருகியிருக்கிறதா, ஸ்பீக்கர் ஏ, பி பட்டன்கள் இரண்டும் அணைந்து கிடக்கின்றனவா என்று பாருங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்த இரண்டையும் முதலில் பார்க்க வேண்டும்.

படி 2: தானாக அணைந்தால், பாதுகாப்பு முறை

ஆன் செய்ததும், அல்லது வால்யூமைக் கூட்டியதும், டக்கென்று அணைந்து சிவப்பு விளக்கு மினுக்குகிறதா? டெனான், மராண்ட்ஸ் மாடல்கள் பலவற்றில் இப்படித்தான் தெரியும். இதை புரொடெக்ஷன் என்பார்கள். வெளியே எங்கோ ஷார்ட் இருக்கிறது, அல்லது சூடு மிஞ்சிவிட்டது என்று ரிசீவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களைச் சோதனைக்கு உள்ளாக்குகிறீர்கள்.

பிளக்கைப் பிடுங்குங்கள். எல்லா ஸ்பீக்கர் ஒயர்களையும் ரிசீவரின் பின்னாலிருந்து கழற்றுங்கள். ஒன்றுகூட மிச்சம் வைக்காதீர்கள். பிறகு ரிசீவரை மட்டும் ஆன் செய்யுங்கள். ஒயரே இல்லாமலும் அணைந்தால் பழுது உள்ளே. சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டியதுதான். அணையாமல் நின்றால் ரிசீவர் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கிறது. குறை ஒயரிலோ ஸ்பீக்கரிலோ.

இப்போது டார்ச் அடித்து டெர்மினல்களையும் கழற்றிய ஒயர் நுனிகளையும் பாருங்கள். சிவப்பு முனையில் மாட்டிய ஒயரின் ஒரு மெல்லிய இழை பிரிந்து பக்கத்துக் கருப்பு முனையையோ, பின்பக்கத் தகட்டையோ தொட்டிருந்தால் அதுவே ஷார்ட். முனையை வெட்டிவிட்டுப் புதிதாக ஒரு சென்டிமீட்டர் உரித்து, இறுக்கி முறுக்கி மாட்டுங்கள். நான் இப்போதெல்லாம் ஒயர் நுனியில் மாட்டும் பனானா பிளக்தான் போடுகிறேன். இழை பிரியும் பேச்சே இல்லை.

அடுத்து மல்டிமீட்டர். ஓம் அளவில் வைத்து முதலில் இரண்டு முள்ளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், 0.3, 0.4 என்று ஏதாவது காட்டும். அது மீட்டர் ஒயரின் சொந்த எண், கடைசியில் கழித்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்பீக்கர் ஒயரில் ரிசீவரிலிருந்து கழற்றிய பக்கத்தின் இரண்டு கம்பிகளிலும் முள்ளுக்கு ஒன்றாக வையுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 6 முதல் 7 ஓம் வரை காட்டும். 4 ஓம் ஸ்பீக்கர் 3, 3.5 காட்டும். பெட்டியில் எழுதியிருப்பதைவிடக் குறைவாகக் காட்டுவது இயல்பு; பயப்பட வேண்டாம். ஒரு ஓமுக்குக் கீழே இறங்கினால் ஷார்ட். எண்ணே வரவில்லை என்றால் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது.

இங்கேதான் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். என் வீட்டில் என்னை வெகுநாள் அலைக்கழித்தது இந்தப் படிதான். மீட்டர் எல்லா ஸ்பீக்கருக்கும் சரியான எண்ணையே காட்டியது. டெர்மினலில் இழை எதுவும் பிரியவில்லை. பகலில் மணிக்கணக்கில் ஓடும். இரவு படம் போட்டால் அணைந்துவிடும். பின்பக்க இடது ஸ்பீக்கருக்குப் போகும் ஒயர் பரண் ஓரமாகப் போகிறது. அங்கே எலி கடித்து, இரண்டு கம்பிகளின் உறையும் ஒரே இடத்தில் போயிருந்தது. சும்மா இருக்கும்போது கம்பிகள் ஒன்றையொன்று தொடாது. இரவில் பரணுக்குப் பக்கத்து வால் ஃபேனைப் போட்டால் ஒயர் ஆடும். ஆடும்போது இரண்டும் தொட்டுக்கொள்ளும்.

ஆகவே மீட்டரை மாட்டிவிட்டு ஒயரை ஆட்டுங்கள். ஒருவர் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் ஸ்பீக்கர் முனையிலிருந்து ரிசீவர் முனைவரை ஒயரை ஒரு முழம் ஒரு முழமாகப் பிடித்து மெதுவாக அசைத்துக்கொண்டே வர வேண்டும். பரண், ஜன்னல் சட்டம், கதவிடுக்கு, ஆணி அடித்த கிளிப், சோபாவின் கால் ஆகிய இடங்களில் நிறுத்தி அசையுங்கள். எண் ஒரு நொடி துள்ளினாலும் அந்த இடத்தில்தான் குறை. மீட்டரில் பீப் சத்தம் வரும் கன்டின்யூட்டி முறையை இதற்கு நம்பாதீர்கள். பல மீட்டர்கள் 6, 7 ஓமுக்கே பீப் அடித்துவிடும். எண்ணைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

ஒயர் புதிதாக வாங்கினால் முழுச் செம்பு 16 கேஜ் கேளுங்கள். செம்புப் பூச்சு போட்ட அலுமினிய ஒயர் விலை குறைவு, ஆனால் மடங்கும் இடத்தில் சீக்கிரம் ஒடியும். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிவது அலுமினியம்.

எல்லாம் சரியாக இருந்து, சத்தம் கூட்டினால் மட்டும் அணைகிறதா? ஒரே டெர்மினலில் இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸ் மாட்டியிருக்கிறீர்களா பாருங்கள். இரண்டு 8 ஓம் பாக்ஸை இணையாகச் சேர்த்தால் 4 ஓம் ஆகிவிடும். ரிசீவரின் பின்னால் "6 முதல் 16 ஓம்" என்று அச்சிட்டிருந்தால் அது இதைத் தாங்காது.

படி 3: சூடு

மே மாதத்தில் மதுரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில், மூடிய டிவி ஷெல்ஃபுக்குள் இருக்கும் ரிசீவர் என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். மேலே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். செட்டாப் பாக்ஸை, சாமி படத்தை, லேஸ் துணியை அதன் தலைமேல் வைக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் மேல் துளைகளின் தூசியைத் தட்டுங்கள். பழைய போன் சார்ஜரில் ஓடும் யு.எஸ்.பி. விசிறி ஒன்றை, சூடான காற்றை வெளியே இழுக்கும்படி வைத்தால் நல்ல பலன் இருக்கிறது.

படி 4: டிவி சத்தம் ரிசீவருக்கு வரவில்லை

டிவியின் எச்டிஎம்ஐ துளைகளில் ஒன்றில் மட்டும் ஏஆர்சி அல்லது இ-ஏஆர்சி என்று எழுதியிருக்கும். டிவியின் சத்தத்தை அதே எச்டிஎம்ஐ கேபிள் வழியே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி அது. கேபிள் அதில்தான் இருக்க வேண்டும். ரிசீவர் பக்கம் அவுட் என்று எழுதிய துளையில் இருக்க வேண்டும். பிறகு டிவியில் சிஇசி-யை (எச்டிஎம்ஐ கருவிகள் ஒன்றையொன்று இயக்க உதவும் வசதி) ஆன் செய்யுங்கள். சாம்சங்கில் அதன் பெயர் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க். ரிசீவரின் மெனுவிலும் ஏஆர்சி, சிஇசி இரண்டும் ஆன் ஆகியிருக்க வேண்டும்.

சத்தம் வருகிறது, ஆனால் பின்பக்க ஸ்பீக்கர்கள் ஊமையாக இருக்கின்றன என்றால் டிவியின் டிஜிட்டல் ஆடியோ செட்டிங் பிசிஎம்மில் (ஏஆர்சியில் இரண்டு சேனல் மட்டும் போகும் முறை) இருக்கும். அதை பிட்ஸ்ட்ரீம், ஆட்டோ, பாஸ் த்ரூ இவற்றில் எது உங்கள் டிவியில் இருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள். சேனலே ஸ்டீரியோவில் ஒளிபரப்பாகிறது என்றால் டிவியில் எதை மாற்றியும் பயனில்லை. ரிசீவர் ரிமோட்டில் டால்பி சரவுண்ட் முறையைப் போடுங்கள்.

பென்டிரைவில் போட்ட படத்தில் காட்சி மட்டும் வந்து சத்தம் வராவிட்டால், அது டிடிஎஸ் (டால்பி போன்ற இன்னொரு சரவுண்ட் ஒலி முறை) ஒலித்தடம் உள்ள கோப்பாக இருக்கக்கூடும். சாம்சங் 2018 முதல் தன் டிவிகளில் டிடிஎஸ்ஸை எடுத்துவிட்டது. பென்டிரைவை டிவியில் செருகாமல், மீடியா பிளேயர் ஒன்றை நேராக ரிசீவரின் எச்டிஎம்ஐ இன்புட்டில் மாட்டுங்கள். எல்லாப் பெட்டிகளையும் ரிசீவரில் மாட்டி, அங்கிருந்து ஒரே கேபிள் டிவிக்குப் போவதுதான் எனக்குப் பிடித்த முறை. ஏஆர்சியை டிவி ஆப்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மின்தடை முடிந்து கரண்ட் வந்த பிறகு சத்தம் போய்விடுகிறதா? மூன்றின் பிளக்கையும் பிடுங்கி ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு டிவி, அப்புறம் ரிசீவர், கடைசியில் செட்டாப் பாக்ஸ் என்று வரிசையாக ஆன் செய்யுங்கள். எச்டிஎம்ஐ கருவிகள் ஒன்றையொன்று மறுபடி அறிமுகம் செய்துகொள்ளும்.

படி 5: "ம்ம்ம்" என்ற இரைச்சல்

வால்யூமைக் குறைத்தாலும் குறையாத இரைச்சல் என்றால், முதலில் செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் அல்லது டிஷ் ஒயரைத் திருகிக் கழற்றுங்கள். சத்தம் உடனே நின்றால் எர்த் இரண்டு வழியாக வந்து சுற்றுகிறது என்று பொருள். டிவி, ரிசீவர், பாக்ஸ், சப்வூஃபர் எல்லாவற்றையும் ஒரே சுவர் பிளக்கிலிருந்து வரும் ஒரே எக்ஸ்டென்ஷனுக்கு மாற்றுங்கள். பெரும்பாலும் அதிலேயே நின்றுவிடும்.

மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை உடைத்துவிட்டால் இரைச்சல் போகும் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அது உயிர் காக்கும் முள்.

வீட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று ஒயர்மேனை வைத்துப் பாருங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட்தான் இருக்க வேண்டும். கோடையில் எர்த் குழி காய்ந்துபோனால் எர்த் பலவீனமாகிவிடும். குழியில் தண்ணீர் ஊற்றி வருவது நம் ஊர் வறண்ட மண்ணுக்கு ரொம்ப அவசியம்.

இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைகிறது என்றால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும். ரிசீவரை அந்த லைனிலிருந்து எடுத்துவிடுங்கள், அல்லது சைன் வேவுக்கு மாறுங்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

மேலூரிலிருந்து ஒருவர், ஆப்டிகல் கேபிள் மாட்டியும் சத்தமே இல்லை என்று எழுதியிருந்தார். புதுக் கேபிளின் இரண்டு நுனியிலும் கண்ணாடி போன்ற சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றாமல் அழுத்தி மாட்டினால் ஒளி போகாது. டிவி ஆன் ஆகியிருக்கும்போது கேபிளின் மறு நுனியில் சிவப்பு வெளிச்சம் தெரிய வேண்டும்.

ரிசீவரோடு வரும் மைக்கை வைத்து ஸ்பீக்கர்களை அளக்கும்போது "ஃபேஸ் தவறு" என்று வருகிறதாம் திருமங்கலத்தில் ஒருவருக்கு. சிவப்பு, கருப்பு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். சுவருக்குள் போகும் ஒயரில் நிறம் தெரியவில்லை என்றால் ரிசீவரில் இருந்து கழற்றிய முனையில் 1.5 வோல்ட் பென்டார்ச் பேட்டரியை ஒரு கணம் தொட்டு எடுங்கள். பாசிட்டிவ் பட்ட கம்பி சிவப்பு முனைக்குப் போகிறது என்றால் ஸ்பீக்கரின் கூம்பு வெளியே வரும். உள்ளே போனால் மாற்றி மாட்டியிருக்கிறீர்கள். எல்லாம் சரியாக இருந்தும் அந்தச் செய்தி வந்தால் தாண்டிப் போகலாம். சில ஸ்பீக்கர்களின் அமைப்பே மைக்கை அப்படி ஏமாற்றும்.

சப்வூஃபர் சில நேரம் மட்டும் வேலை செய்கிறது என்ற கேள்வி பலரிடமிருந்து வந்தது. அதன் பின்னால் உள்ள ஆட்டோ சுவிட்ச்தான் காரணம். இரவில் மெல்லிய சத்தத்தில் கேட்கும்போது அதற்கு விழித்துக்கொள்ளும் அளவு சிக்னல் கிடைக்காது. சுவிட்சை ஆன் பக்கம் தள்ளிவிடுங்கள். அதன் கிராஸ்ஓவர் குமிழை (எந்த அளவுக்குக் கீழே உள்ள சத்தம் சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்று பிரிப்பது) முழுவதும் வலப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ரிசீவரின் மெனுவில் 80 ஹெர்ட்ஸ் வையுங்கள். இரண்டு இடத்தில் வடிகட்டினால் பேஸ் மெலிந்துவிடும்.