கிட்டார்ப் பயிற்சிக்கு நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் போதும்?

கிட்டார் வாங்கிய முதல் வாரத்திலேயே எல்லோரும் கேட்கும் கேள்வி, நாள்தோறும் எத்தனை மணி நேரம் பழக வேண்டும் என்பதுதான். வேலைக்கோ கல்லூரிக்கோ போய்க்கொண்டே புதிதாகக் கற்கும் ஒருவருக்கு நான் சொல்லும் கணக்கு இது: முதல் மாதம் காலையில் 15 நிமிடம், இரவில் 15 நிமிடம், இரண்டாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை 40 நிமிடம், அதன் பிறகு ஒரு மணி நேரம். மேடையில் வாசிக்கும் எண்ணமோ தேர்வுக்குப் போகும் எண்ணமோ இல்லாதவருக்கு இதற்கு மேல் தேவைப்படாது. கேட்பதற்கு இது குறைவாகத் தோன்றினாலும், ஒரு நாளும் விடாமல் இதைக் காப்பாற்றுவது எளிதன்று.

முதல் மாதத்தில் நேரத்தைச் சுருக்கிச் சொல்வதற்குக் காரணம் விரல் நுனிகள். எஃகுக் கம்பி பூட்டிய அக்கூஸ்டிக் கிட்டாரில் இடக்கை விரல்கள் முதல் சில நாள்களில் சிவந்து வலிக்கும். நாள்தோறும் சிறிது நேரம் அழுத்தி வந்தால் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் அங்கே காய்ப்பு ஏறிவிடும். மாறாக, ஆர்வ மிகுதியில் ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் அழுத்தினால் கொப்புளம் கிளம்பி, அடுத்த சில நாள் கிட்டாரைத் தொடவே முடியாமல் போகும். வலி பொறுக்க முடியாத அளவுக்கு இருந்தால், விரலைக் குறை சொல்லும் முன் கருவியைப் பாருங்கள். விலை குறைந்த கிட்டார்கள் பலவற்றில் கம்பி தேவைக்கு மேல் உயர்ந்து நிற்கும். கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான ஃப்ரெட்டுகளில் 12ஆவதில் தடித்த கம்பிக்கு அடியில் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால், பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துக் கம்பியின் உயரத்தை இறக்கிக்கொள்வதும், 10 கேஜ் எனப்படும் மெல்லிய கம்பிகளை மாட்டிக்கொள்வதும் நல்லது. நைலான் கம்பிக் கிட்டாரில் இந்த வலி குறைவு.

நேரத்தைப் பிரித்துப் பழகுவதன் பலனைக் காட்ட, இசைக்கு வெளியே நடந்த ஓர் ஆய்வு எனக்குப் பிடித்த சான்று. பிரிட்டிஷ் அஞ்சல் ஊழியர்கள் தட்டச்சு விசைப்பலகையைக் கற்றுக்கொண்டதைப் பற்றி ஆலன் பாட்லியும் லாங்மனும் 1978இல் எழுதினார்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் பழகியவர்கள் ஏறக்குறைய 55 மணி நேரத்தில் எட்டிய தேர்ச்சியை அடைய, நாளுக்கு நான்கு மணி நேரம் பழகியவர்களுக்கு 80 மணி நேரம் தேவைப்பட்டது. விரல்கள் புதிய அசைவைக் கற்பதில் விசைப்பலகைக்கும் கிட்டாருக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்றே நினைக்கிறேன். அந்த ஆய்வில் மனநிறைவு மிகக் குறைந்திருந்தவர்களும் இதே ஒரு மணி நேரக் குழுவினர்தான், ஏனெனில் நாள் கணக்கில் அவர்களுக்குக் கூடுதல் காலம் பிடித்தது. உங்களுக்கும் மூன்றாவது வாரத்தில் அந்த மனக்குறை வரக்கூடும். அதற்காக நேரத்தைத் திடீரென்று இரட்டிப்பாக்க வேண்டாம்.

இனி, அந்த 30 நிமிடத்தை எப்படிச் செலவிடுவது என்று பார்ப்போம். ட்யூனர் வைத்துச் சுருதி சேர்க்க 2 நிமிடம் போதும். ஒரு ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்ற கணக்கில் ஆறு கம்பிகளிலும் ஏறி இறங்கும் விரல் பயிற்சிக்கு 5 நிமிடம் கொடுக்கலாம். இருவேளையாகப் பழகுகிறவர்கள் இவ்விரண்டையும் காலையிலேயே முடித்துக்கொண்டால், இரவு நேரம் முழுவதும் மற்றவற்றுக்குக் கிடைக்கும். மீதியில் பெரும்பங்கை, குறைந்தது 10 நிமிடத்தை, ஒரு கார்டிலிருந்து (சேர்ந்தொலிக்கும் சுரங்களுக்கான விரல் பிடியிலிருந்து) இன்னொரு கார்டுக்கு மாறுவதற்கே ஒதுக்குங்கள். தொடக்க நிலையில் பாட்டு நின்றுபோவது பெரும்பாலும் இந்த மாற்றத்தில்தான், கம்பிகளை வலக்கையால் வருடி வாசிக்கும் ஸ்ட்ரம்மிங்கில் அன்று. இரண்டு கார்டுகளை எடுத்துக்கொண்டு, கடிகாரத்தில் ஒரு நிமிடம் வைத்து, அதற்குள் எத்தனை முறை பிசிறில்லாமல் மாற முடிகிறது என்று எண்ணி ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். முதல் நாள் 12 வந்தாலும் கவலையில்லை. 60 வந்துவிட்டால் அந்த மாற்றம் பாட்டுக்குள் தடுமாறாது. சி கார்டிலிருந்து ஏ மைனருக்குப் போவதில் தொடங்குவது நல்லது, ஏனென்றால் அங்கே மோதிர விரல் மட்டுமே நகர்கிறது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. எல்லா விரல்களையும் தூக்கிவிட்டு மறுபடி வைக்கும் பழக்கம் இந்த ஒரு மாற்றத்தைக் கவனித்துச் செய்தாலே குறையத் தொடங்கும். எஞ்சிய நேரத்தில், பிடித்த பாட்டில் கை சிக்கும் இரண்டு வரிகளை மட்டும் எடுத்து வாசியுங்கள்.

வேகத்தைப் பொறுத்தவரை, கர்நாடக இசையில் சரளி வரிசையை முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று பழக்கும் முறையைவிடச் சிறந்த வழியை நான் கண்டதில்லை. சீராகத் தட்டும் தாளக் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு ஸ்கேலை, அதாவது சுர வரிசையை, தட்டுக்கு ஒரு சுரமாகவும், பிறகு இரண்டாகவும், பிறகு நான்காகவும் வாசியுங்கள். முதல் காலத்தில் பிழை இருந்தால் இரண்டாம் காலத்துக்குப் போகக்கூடாது, ஏனெனில் திரும்பத் திரும்ப வாசிக்கும்போது பிழையும் சேர்ந்தே கையில் படிந்துவிடும்.

நான் கற்கத் தொடங்கிய முதல் ஆண்டில் வார நாள்களை விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் முதல் ஒரு மணி நேரம், போன வாரம் விட்ட இடத்தைத் தேடிப் பிடிப்பதிலேயே கழிந்தது. கிட்டாரை உறையிலிருந்து எடுத்துக் கண்ணில் படும் இடத்தில் ஸ்டாண்டில் வைத்த பிறகே நாள்தோறும் கை வைக்கும் வழக்கம் வந்தது. சென்னை போன்ற கடலோர ஊர்களில் அப்படித் திறந்து வைத்தால் கம்பி விரைவில் துருப்பிடிக்கும் என்பது உண்மைதான். வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடைத்து வைத்தால் போதும். ஒரு நாள் தவறிப்போனால் மறுநாள் வழக்கமான நேரமே பழகுங்கள், கடனைச் சேர்த்து அடைக்க முயல வேண்டாம்.

இதைத் தொழிலாகக் கொள்ள நினைப்பவர்களின் கணக்கு வேறு. பெர்லினில் வயலின் மாணவர்களை ஆராய்ந்து ஆண்டர்ஸ் எரிக்சன் குழுவினர் 1993இல் வெளியிட்ட கட்டுரையில், மிகத் தேர்ந்தவர்கள் தனிப் பயிற்சிக்கு வாரத்துக்கு ஏறத்தாழ 24 மணி நேரம் செலவிட்டார்கள். அது நாளுக்கு மூன்றரை மணி நேரம். அதையும் அவர்கள் இடையிடையே ஓய்வெடுத்தே செய்தார்கள். அசுர சாதகம் என்று சொல்லிக்கொண்டு எழாமல் உட்கார்ந்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 45 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து கைகளைத் தளர்த்துங்கள். விரல் நுனி வலிப்பது இயல்பு. மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி எடுத்தாலும், விரல் மரத்துப்போனாலும், உடனே நிறுத்திவிட வேண்டும். ஓரிரு நாள் ஓய்வுக்குப் பிறகும் அது தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஏழெட்டு வயதுக் குழந்தைகளுக்கு 10 நிமிடம் போதும், அவர்களாகக் கேட்டால் இன்னும் கொஞ்சம் கொடுக்கலாம்.

பெரியவர்கள் மேலே சொன்ன கணக்கோடு சிறிது நேரத்தைக் கூட்ட வேண்டிய கட்டம், எஃப் கார்டு வரும்போதுதான். ஆள்காட்டி விரலால் ஆறு கம்பிகளையும் அழுத்த வேண்டிய இந்த கார்டு முதல் ஃப்ரெட்டில் மிகக் கடினம், அங்கே, கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் துண்டான நட்டுக்கு அருகில், கம்பி விறைப்பாக இருக்கிறது. வழக்கமான நேரத்தோடு 5 நிமிடம் சேர்த்து, அதே வடிவத்தை 5ஆம் ஃப்ரெட்டில் பிடித்துத் தொடங்குங்கள். அங்கே அது ஏ கார்டு. ஆறு கம்பிகளும் தெளிவாக ஒலித்த பிறகு 4ஆம் ஃப்ரெட்டுக்கு இறங்குங்கள். வாரத்துக்கு ஒரு ஃப்ரெட் என்று வந்தால் ஐந்தாவது வாரத்தில் கை எஃப் கார்டில் வந்து நிற்கும்.