ஜவுளிக்கடையில் ஆள் நிற்கவில்லையா? முதல் 30 நாளைக் கவனியுங்கள்

ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் அவசர அவசரமாக ஆள் எடுப்போம். பொங்கலுக்குள் மறுபடியும் கண்ணாடிக் கதவில் 'விற்பனைக்கு ஆட்கள் தேவை' ஒட்டியிருக்கும். நான் சூப்பர்வைசராக இருந்த கடையில் பல வருடம் இதே கதைதான். "தீபாவளி போனஸ் வாங்கினதும் ஓடிடுறாங்கப்பா" என்பார் முதலாளி. நானும் தலையாட்டுவேன்.

படி 1: போனவர்களைக் கணக்கெடுங்கள்

சம்பள ரிஜிஸ்டரை எடுத்து, ஒரு வருடத்தில் போனவர்கள் சேர்ந்த தேதி, நின்ற தேதி, செக்ஷன் மூன்றையும் எழுதுங்கள். எங்கள் நோட்டில் போனஸ் வாங்கிப் போனவர்கள் சிலர்தான். அதிகம் பேர் முதல் மாதத்திலேயே போயிருந்தார்கள்!

காரணம் கேட்டால் போகிற அன்று எல்லோரும் "வீட்ல பிரச்சினை" என்பார்கள். இரண்டு வாரம் கழித்துப் போன் செய்யுங்கள். ஒரு பெண் சொன்னது: "நிக்கிறதுகூடப் பரவால்லண்ணே, எப்போ சாப்பிட விடுவீங்கன்னே தெரியல."

படி 2: உள்ளதைச் சொல்லி எடுங்கள்

வேலை நேரம், வார லீவு எந்தக் கிழமை, சீசனில் ஷட்டர் எத்தனை மணிக்கு இறங்கும், எல்லாவற்றையும் சேரும் முன்பே சொல்லுங்கள். முக்கியமாக, கையில் வரும் தொகை. சம்பளம் 15,000 ரூபாய் என்றால், அது முழுவதற்கும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், இ.எஸ்.ஐ. (ஊழியர் காப்பீடு) 0.75 சதவீதம் பிடித்தால் மிஞ்சுவது 13,000 சொச்சம். முதல் சம்பளத்தன்றுதான் இது தெரிகிறதென்றால் ஏமாற்றிவிட்டதாகத்தான் நினைப்பார்கள்.

படி 3: அரை நாள் கவுன்டரில் விட்டுப் பாருங்கள்

கூலி கொடுத்துத்தான். வாய்ச் சாமர்த்தியத்தைப் பார்க்க வேண்டாம். இருபது சேலையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு "அப்புறம் வர்றோம்" என்று ஒரு குடும்பம் எழுந்து போகுமே, அப்போது முகம் எப்படிப் போகிறது, கை தானாக மடிக்கப் போகிறதா என்று பாருங்கள். நல்லாப் பேசுகிறவர்களை எடுத்து நான் ஏமாந்தது அதிகம்.

படி 4: ஒரு செக்ஷன், ஒரு சீனியர்

"போய் கவுன்டர்ல நில்லு" என்பது பயிற்சி ஆகாது. முதல் மூன்று நாள் விற்பனையே வேண்டாம். முந்தானை மேலே தெரிகிற மாதிரி மடிப்பது, எந்த ரகத்தில் ப்ளவுஸ் பிட் சேர்ந்து வரும், எதில் தனியாக வாங்க வேண்டும், டேமேஜ் எங்கே இருக்கும், இவ்வளவு போதும். நாலாம் நாள் சீனியர் விற்கும்போது கூட நிற்கட்டும். அடுத்த வாரம் இவர் விற்க, சீனியர் பக்கத்தில் நிற்கட்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இன்சென்டிவ், அதாவது விற்பனை ஊக்கத்தொகை, பில் போட்டவருக்குத்தான் என்றால், புதுப்பெண் அரை மணி நேரம் காட்டிய சேலைக்குக் கடைசியில் சீனியர் பில் போட்டுவிடுவார். எங்கள் கடையில் பாதிச் சண்டை இதனால்தான். முதல் மாதம் மட்டும் இன்சென்டிவை செக்ஷனுக்குப் பொதுவாக்கினோம். புது ஆள் மூன்று மாதம் தாண்டினால் சீனியருக்குத் தனியாக ஒரு தொகையும் வைத்தோம். அதன்பிறகு அவர்களே கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள்.

படி 5: ஸ்டூல் போடுங்கள்

இது சட்டமும்கூட. ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் திருத்தம் வந்தது. ஸ்டூலைப் போட்டுவிட்டு, உட்கார்ந்தால் முறைக்காதீர்கள். சாப்பாட்டு நேரத்தையும் எழுதி ஒட்டுங்கள்.

சரி, எப்போது தொடங்குவது? அடுத்த ஆடிக்கு ஆள் வேண்டுமென்றால் வைகாசிக் கடைசியிலேயே எடுத்துவிடுங்கள். ஆனியில் கூட்டம் குறைவு, சொல்லிக்கொடுக்க நேரம் கிடைக்கும்.